கண்ணைத் திறந்துகொண்டு வாங்குங்கள்

அன்புள்ள ஐயா,

எச்1பி விசாவில் பென்சில்வேனியாவில் இருக்கிறேன். மான் வேட்டைக்கு உரிமம் எடுத்தாயிற்று. ஊர்க் கடையில் 1951இல் செய்த வின்செஸ்டர் 94 லீவர் துப்பாக்கி (கைப்பிடிக்குக் கீழுள்ள லீவரை இயக்கித் தோட்டா ஏற்றுவது) ஒன்று இருக்கிறது. தோட்டா .32 ஸ்பெஷல், விலை 900 டாலர். '1964க்கு முந்தையது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்' என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கடைக்காரர் சொல்வது பாதி சரி. 1964இல் வின்செஸ்டர் செலவைக் குறைத்தது. தோட்டாவைத் தூக்கிக் கொடுக்கும் பாகம் தகட்டில் அடித்ததாயிற்று. பாகங்களைக் கோக்கும் கெட்டி ஊசிகள் போய் உள்ளே பொள்ளலான ஊசிகள் வந்தன. முந்தையவற்றுக்கு மவுசு கூடியது அதனால்தான். ஆனால் நீங்கள் வாங்கப்போவது வருடத்தை அல்ல, குழலை.

94ஐப் பிரிக்காமல் பின்பக்கமிருந்து கம்பி விட்டுத் துடைக்க முடியாது. பெரும்பாலோர் வாய்ப்பக்கமாகத்தான் கம்பியை விடுவார்கள். வருடக்கணக்கில் கம்பி உரசி, வாய் விளிம்பில் வரிகள் (குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டிய சுருள் பள்ளங்கள்) ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும்; குறி கெடுவது அங்கேதான். துப்பாக்கி காலியா என்று இருமுறை பார்த்துவிட்டு, லீவரைத் திறந்து பின்னால் விளக்குப் பிடித்து உள்ளே பாருங்கள். வரிகள் வாய்வரை கூர்மையாகத் தெரிய வேண்டும். 94இன் வழக்கமான தோட்டாவான .30-30க்குரிய குழலில் வரி 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று, .32இல் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. ஏற்கெனவே மெதுவான சுழற்சி. தேய்ந்தால் குண்டு தள்ளாடி, குறி அட்டையில் துளை நீள்வட்டமாக விழும். அப்படியானால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

அடுத்தது குதிரை, அதாவது விசையை இழுத்தால் விழுந்து அடிக்கும் சுத்தி. காலித் துப்பாக்கியில் அதைப் பாதி பின்னுக்கு இழுத்து அரைநிலையில் நிறுத்தி விசையை இழுங்கள், விழக் கூடாது. அந்தக் காலத்து 94இல் கையால் போடும் பாதுகாப்புப் பூட்டு வேறு கிடையாது. பிடிக்கட்டையில், துப்பாக்கியின் உடலிலிருந்து பின்னால் நீளும் இரும்பு நாக்கு முடியும் இடத்தில் கீறல் உண்டா என்றும் பாருங்கள்.

அடிப்பக்கம் இரும்பின் நீலப் பூச்சு போய் வெளுத்திருந்தால் பயப்படாதீர்கள், தூக்கி நடந்த கைகளின் அடையாளம் அது. பளபளப்பாக இருந்தால்தான் சந்தேகம்! எழுத்துகள் மழுங்கி, திருகுத் துளைகளின் ஓரம் குழிந்திருந்தால் தேய்த்து மறுபூச்சுப் போட்டிருக்கிறார்கள். அதற்கு 900 கொடுக்காதீர்கள். தொலைநோக்கிக்காக மேலே துளையிட்டிருந்தாலும் விலை இறங்க வேண்டும். வெற்றுத் தோட்டா மேல்பக்கமாகத் தெறிப்பதால் தொலைநோக்கி அங்கே சரிப்படாது.

கூர்முனைக் குண்டு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் போடாதீர்கள். இதில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் உள்ள இன்னொரு குழாயில் (மேகசின்) வரிசையாக நிற்கும்; ஒரு குண்டின் முனை முன்னால் உள்ள தோட்டாவின் பிரைமரை, அதாவது அடித்தால் மருந்தைப் பற்றவைக்கும் பகுதியை, தொட்டுக்கொண்டிருக்கும். துப்பாக்கி உதைக்கும்போது வெடித்துவிடலாம். தட்டைமுனை, அல்லது இதற்கென்றே மென்முனை வைத்துச் செய்த குண்டு மட்டும். அளவு நெருக்கம்தானே என்று .30-30 தோட்டாவையும் இதில் போடக் கூடாது, குண்டு குழலில் தளர்வாக ஓடும்.

விசா விஷயம் இதையெல்லாம்விட முக்கியம். உங்கள் விசாவில் இருப்போர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. நடப்பு வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு. கடையில் துப்பாக்கி வாங்குவோர் நிரப்ப வேண்டிய கூட்டாட்சிப் படிவமான 4473ஐ நிரப்பும்போது உரிமம் கையில் இருக்கட்டும். பென்சில்வேனியா உரிமம் ஜூன் 30இல் முடிகிறது. அன்று விலக்கும் முடியும், துப்பாக்கி வீட்டில்தான் இருக்கும். புதுப்பிக்க மறக்காதீர்கள்.

குழல் தேறினால் வாங்கலாம். பணம் கட்டும் முன் அதே கடையில் .32 ஸ்பெஷல் இரண்டு பெட்டி கேட்டுப் பாருங்கள். கையை விரித்தால், தோட்டா கிடைக்காத துப்பாக்கி எதற்கு? அலமாரியில் .30-30 போடும் 94 ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள்.