கதைமாந்தர்களை ஒப்பிட்டு எழுத மாணவர்களுக்கு எப்படிக் கற்றுத்தருவது?

ஒன்றின்மேல் ஒன்று ஏறிய இரண்டு வட்டங்களில், நடுவில் ஒற்றுமையும் ஓரங்களில் வேற்றுமையும் எழுதும் வென் படத்தை வரைந்து கொடுத்தாலும் உங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பட்டியல் போடுவதோடு நின்றுவிடுகிறார்கள், ஒப்பீடாக எழுத வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ் வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த வட்டங்களை ஓரமாக வையுங்கள். ஜான் வென் 1880இல் அதை விளக்கியது தர்க்கத்துக்காக. எது எந்தத் தொகுதிக்குள் அடங்கும், எது அடங்காது என்பதை அது தெளிவாகக் காட்டும். ஒருவர் ஏன் அப்படி நடந்துகொண்டார் என்பதை அதில் காட்ட முடியாது. அதனால்தான் நடுவில் 'இருவரும் ஆண்கள்' என்றும் ஓரங்களில் 'இவன் உயரம், அவன் குள்ளம்' என்றும் நிரப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று பேனாவை மூடிவிடுகிறார்கள்.

அதற்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வியில் தொடங்குங்கள்: இரண்டு பேரும் ஒரே சிக்கலில் மாட்டிக்கொள்ளும் இடம் கதையில் எங்கே வருகிறது?

நான் அடிக்கடி எடுத்துக்கொள்வது கும்பகர்ணனையும் விபீஷணனையும். கதை எல்லோருக்கும் ஓரளவு தெரியும். குணம் சொல்லுங்கள் என்றால் 'கும்பகர்ணன் தூங்குவான், விபீஷணன் நல்லவன்' என்பதைத் தாண்டமாட்டார்கள். 'அண்ணன் செய்தது தப்பு என்று இவர்களில் யாருக்குத் தெரியும்?' என்று கேட்டுப் பாருங்கள். கம்பர் சொல்லும் கதையில் இரண்டு பேருமே சீதையை விட்டுவிடச் சொல்லி ராவணனிடம் எடுத்துச் சொல்கிறார்கள். ராவணன் கேட்கவில்லை. இதுவரை இருவரும் ஒன்று. அதன்பிறகு ஒருவன் ராமனிடம் போகிறான், மற்றவன் தோற்போம் என்று தெரிந்தே போருக்குப் போகிறான். போர்க்களத்தில் தம்பியே வந்து கூப்பிட்டும் வர மறுக்கிறான். இந்த இடத்தில் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். 'சோறு போட்ட அண்ணனை விட்டுட்டு எப்படி சார் போறது?' என்று ஒரு பக்கம் கேட்கும். 'தப்புன்னு தெரிஞ்சும் கூட நின்னா அவனும்தானே தப்பு?' என்று இன்னொரு பக்கம் எகிறும். நீங்கள் தேடிய ஒப்பீடு இந்தச் சண்டையில் தானாக வந்துவிடும். அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். யார் பேசினாலும் 'கதையில் எந்த இடத்தை வைத்துச் சொல்கிறாய்?' என்று மட்டும் கேளுங்கள்.

ஒற்றுமை வலுவாக இருந்தால்தான் வேற்றுமைக்கு அர்த்தம் வரும் என்பது என் அழுத்தமான கருத்து. எனவே நல்லவன் ஒருவன், கெட்டவன் ஒருவன் என்று ஜோடி சேர்க்காதீர்கள். அண்ணன் தம்பி, இரண்டு தோழிகள், ஒரே வேலைக்கு அனுப்பப்பட்ட இருவர் என்று தேர்ந்தெடுங்கள்.

பேசி முடித்த பிறகு எழுத்து. இங்கே ஒரு சிக்கல் நிச்சயம் வரும். முதல் பத்தி முழுக்க ஒருவரைப் பற்றி, இரண்டாம் பத்தி முழுக்க மற்றவரைப் பற்றி எழுதுவார்கள். இரண்டும் ஒட்டவே ஒட்டாது. மூன்று நெடுவரிசைகள் கொண்ட அட்டவணை ஒன்று போடச் சொல்லுங்கள். நடுவில் கேள்வி, இரு பக்கமும் இருவர். என்ன விரும்பினார், எதற்குப் பயந்தார், என்ன முடிவெடுத்தார், அதற்கு என்ன விலை கொடுத்தார் என்ற நான்கு கேள்விகள் போதும். பிறகு குறுக்காக ஒவ்வொரு வரிசையையும் ஒரே வாக்கியமாக்கச் சொல்லுங்கள். 'இருவருமே அண்ணன்மேல் பாசம் உள்ளவர்கள்தான், ஆனால் விபீஷணன் அறத்துக்காக அண்ணனைப் பிரிந்தான், கும்பகர்ணனோ அண்ணனுக்காக உயிரையே கொடுத்தான்' என்பதுபோல ஒன்றை நீங்களே கரும்பலகையில் எழுதிக்காட்டுங்கள். அதே அச்சில் தங்கள் வாக்கியங்களை அமைக்கப் பிள்ளைகள் சீக்கிரமே பழகிவிடுவார்கள்.

கோபம், அழுகை போன்ற ஒரு நேரத்து உணர்ச்சியைக் குணம் என்று எழுதுவதும் நடக்கும். 'கதை முழுக்க இப்படித்தான் இருந்தாரா?' என்று கேட்டால் அவர்களே திருத்திக்கொள்வார்கள்.

திருத்தும்போது முதல் சுற்றில் எழுத்துப்பிழைகளை விட்டுவிடுங்கள். இரண்டு பேரையும் சேர்த்துப் பேசும் வாக்கியங்களின் கீழ் மட்டும் கோடு போட்டுத் திருப்பிக் கொடுங்கள். கோடே விழாத பிள்ளையை அழைத்து அந்த அட்டவணையின் ஒரு வரிசையை வாயால் சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலும் சொல்லிவிடும். சொன்னதையே எழுதச் சொன்னால் போதும்.