ரோக்கர் புனித அந்திரேயா ஆலயம்: தூணில்லாக் கூடத்தின் பாரம் எங்கே இறங்குகிறது?

வணக்கம். இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில் ரோக்கர் பகுதியில் உள்ள புனித அந்திரேயா ஆலயத்தின் நடுக்கூடத்தில் தூண் வரிசையே இல்லாதபோது கூரையை எது தாங்குகிறது என்றும், உங்கள் கட்டுரையில் ஆலயத்தைக் கோதிக் மறுமலர்ச்சி (இடைக்கால ஐரோப்பியக் கூர்வளைவுக் கட்டடப் பாணியைப் பிற்காலத்தில் மீட்டெடுத்த பாணி) என்று குறிப்பிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

விடை பக்கச் சுவர்களின் ஓரத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 52 அடி அகலக் கூடத்தைக் கடக்கும் பெரிய குறுக்கு வளைவுகள் மிகத் தாழ்விலிருந்தே எழுகின்றன. அவற்றின் கனத்த கால்களே உள்முட்டுச் சுவர்களாக (கட்டடத்துக்கு உள்ளேயே நிற்கும் தாங்கு சுவர்களாக) நின்று, வளைவுகள் வெளிப்பக்கமாகத் தள்ளும் பக்கவாட்டு உதைப்பை ஏற்றுக்கொள்கின்றன. அந்தக் கால்களைக் குடைந்து, ஆள் நடக்கும் அளவுக்கு வழி விட்டிருக்கிறார்கள்; நீங்கள் அனுப்பிய படத்தில் ஒடுக்கமான இடைகழி போலத் தெரிவது அதுதான். கூரை அமைப்பில் வலுவூட்டிய கான்கிரீட்டும் உண்டு. 1906-07இல் ஒரு பங்கு ஆலயத்துக்கு இது துணிச்சலான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே கோதிக் மறுமலர்ச்சி என்று மட்டும் எழுதுவது போதாது. கட்டடக் கலைஞர் எட்வர்ட் ஷ்ரோடர் பிரையர் கலை-கைவினை இயக்கத்தைச் சேர்ந்தவர்; இயந்திர உற்பத்திக்கு மாற்றாகக் கைத்திறனையும் இயல்பான பொருள்களையும் போற்றிய இயக்கம் அது. உள்ளூர்க் கல்லின் சொரசொரப்பை மழுப்பாமல் விட்டதிலும், ஓவியர் பர்ன்-ஜோன்ஸ் வடிவமைத்த நெய்த சித்திரத் திரை, வடிவமைப்பாளர் எர்னஸ்ட் கிம்சனின் கைவேலைப் பொருள்கள் ஆகியவற்றுக்கு உள்ளே இடமளித்ததிலும் அந்த இயக்கத்தின் போக்கு நன்றாகத் தெரிகிறது. அந்த இயக்கத்தை முதலில் சொல்லி, கோதிக் சாயலை அதற்கு அடுத்ததாக வைத்து எழுதுங்கள்.