கணவரைப் பிரிந்தபின் சொந்தத் தொழிலையும் வீட்டையும் வைத்துக்கொண்டு கடனைச் சமாளிப்பது எப்படி?

கேள்வி கேட்டவர் சுருக்கமாகத்தான் எழுதியிருக்கிறார். பிரிந்து இருக்கிறார், சொந்தத் தொழில், வீடு தன் பெயரில், நாலு பக்கமும் கடன், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கிறார். எனக்கு முன்னால் பதில் எழுதியவர்களில் பாதிப்பேர் வீட்டை விற்றுக் கடனை அடைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள் என்கிறார்கள். அதைப் பார்த்த கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். இலங்கையின் வடக்கில், எங்கள் முள்ளியவளையில் ஒரு வீட்டை அவசரத்துக்கு விற்றுப் பாருங்கோ. கடன்காரி என்று தெரிந்ததும் என்ன விலைக்குக் கேட்பார்கள் என்று அப்போது விளங்கும்.

கேட்டவரும் என்னைப்போல ஒரு பெண், பிள்ளைகள் படிக்கிறார்கள், மாதச் சம்பளம் இல்லை என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் சட்டம் படித்தவள் இல்லை. மாவும் மிளகாய்த்தூளும் அரைக்கிற மில் வைத்திருக்கிறேன். சட்டத்தரணிமார் யாராவது வந்து பிழை பிடித்தால் சந்தோசம், ஆனால் காசு வாங்காமல் பிடிக்கவேணும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். வாசலில் வந்து சத்தம் போடுகிறவனுக்கு முதலில் கட்டாதேங்கோ. எந்தக் கடன் உங்கள் காணியைத் தொடுமோ அதற்கு முதலில் கட்டுங்கோ. பெரும்பாலும் இது இரண்டும் ஒரே ஆளாக இருக்காது. காணியை எடுக்கக்கூடியவர்கள் சத்தமே போடமாட்டார்கள், கடிதம் மட்டும் அனுப்புவார்கள்.

பிள்ளைகளின் தகப்பன் போனபோது என் தலையில் இருந்த கடன்களைச் சொல்கிறேன். வீடு இந்திய அரசு காசு தந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் வந்தது. ஐந்தரை இலட்சத்தை அத்திவாரம், சுவர், கூரை என்று கட்டம் கட்டமாக வங்கியில் போட்டார்கள். அந்தக் காசோடு வீட்டை முடித்தவர்களை எங்கள் பக்கம் விரல்விட்டு எண்ணலாம். பூச்சுக்கும் நிலத்துக்கும் ஊரே கடன்பட்டது. நானும் சீதனக் காணி உறுதியை வங்கியில் ஈடு (அடமானம்) வைத்து, வீட்டை முடித்து, மீதியில் மில்லுக்கு மோட்டார் போட்டேன். இது முதலாவது. இரண்டாவது, பெண்கள் குழுவாகச் சேர்ந்து எடுத்துக் கிழமைக்குக் கிழமை கட்டுகிற நுண்கடன். மூன்றாவது, அடைவில் கிடந்த தாலிக்கொடி. நாலாவதுதான் பெரிய கதை: அவர் லீசிங்கில் (தவணைக்கு) எடுத்த லாண்ட்மாஸ்டருக்கு, அதுதான் இரண்டு சில்லு உழவு இயந்திரத்துக்கு, நான் வைத்த பிணைக் கையெழுத்து.

லாண்ட்மாஸ்டரை அவர் கொண்டு போய்விட்டார். தவணை கட்டவில்லை. லீசிங் கொம்பனிப் பெடியன் மோட்டார் சைக்கிளில் வந்து என் மில் வாசலில் நிற்பான். அரைக்க வந்த சனம் பார்த்துக்கொண்டு நிற்கும்.

"அக்கா, அண்ணை போன் எடுக்கிறார் இல்லை. அண்ணை எங்க?"

"தம்பி, அண்ணை எங்க எண்டு கேட்காதேங்கோ. லாண்ட்மாஸ்டர் எங்க எண்டு கேளுங்கோ."

அது மல்லாவிப் பக்கம் அவருடைய சகோதரி வளவில், மாமரத்துக்குக் கீழே தறப்பாள் மூடி நின்றது. வேலியில் எந்தப் பக்கம் படலை என்பதுவரை ஒரு கடிதத்தில் எழுதி, வாகன இலக்கமும் போட்டு, கொம்பனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பிரதி என்னிடம் இருக்கிறது. வயல் உழவு தொடங்கமுதல் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

கட்டின புருசனைக் காட்டிக் கொடுத்தவள் என்று பெயர். இதைப் படிக்கிறவர்களிலும் அப்படி நினைக்கிறவர்கள் இருப்பார்கள். நினையுங்கோ. லீசிங் முடியும்வரை அந்த வாகனத்துக்கு முழு உரிமையாளர் கொம்பனிதான், வாகனப் பதிவுப் புத்தகத்திலேயே அப்படித்தான் பதிந்திருக்கும். அவர்களுடைய சாமான் எங்கே நிற்கிறது என்று அவர்களுக்குச் சொன்னேன். அவர் உழுது கூலி வாங்க, நான் மா அரைத்துத் தவணை கட்டவேணும் என்று எந்தக் கோயிலில் எழுதியிருக்கிறது?

ஆனால் வாகனம் போனால் கடன் போய்விடும் என்று நினைக்காதேங்கோ. கொம்பனி அதை விற்று, வந்த விலை காணாவிட்டால் மிச்சத்தைப் பிணைகாரரிடம் கேட்கும். எனக்கும் கடிதம் வந்தது. என்ன விலைக்கு விற்றீர்கள், தண்ட வட்டி எவ்வளவு, கணக்கைக் காட்டுங்கள் என்று எழுதிக் கேட்டேன். வாயால் கேட்டபோது கிடைக்காத மரியாதை எழுதிக் கேட்டபோது கிடைத்தது. தண்ட வட்டியில் பெரும்பகுதியைக் கழித்தார்கள், மிச்சத்தைச் சிறு தவணையாகக் கட்டினேன்.

தாலிக்கொடியை மீட்டு விற்றேன். 2022இல் பவுன் விலை ஏறின நேரம். இல்லாத கலியாணத்துக்கு மாதாமாதம் வட்டி கட்டிக்கொண்டிருக்க எனக்கு வசதியில்லை. அந்தக் காசில் நுண்கடனை ஒரேயடியாக முடித்தேன். நுண்கடனுக்குக் காணி ஈடு இல்லைத்தான், ஆனால் நான் கட்டாவிட்டால் குழுவில் இருக்கிற மற்றப் பெண்கள் கட்டவேணும். அவர்களும் என்னைப்போல அன்றாடம் உழைக்கிறவர்கள். "காணியைத் தொடாத கடன் பிறகு" என்று நான் சொன்னதற்கு இது ஒரு விதிவிலக்கு. 2018இல் அரசாங்கம் வரட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களில், மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையில் கிடந்தவற்றைத் தள்ளுபடி செய்தது. தின்னாமல் குடியாமல் ஒழுங்காகக் கட்டிவந்த எங்களுக்கு ஒன்றுமில்லை. அதை இன்னும் என்னால் மறக்க ஏலாமல் இருக்கிறது.

இனி வங்கிக் கடன். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகளால் கூட்டியது. என் கடன் மாறும் வட்டிக் கடன், தவணை எங்கேயோ போனது. அந்த மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாமல் மில் என்ன செய்யும்? பிறகு கரண்ட் வந்தது, கட்டணம் ஆகஸ்டில் சராசரி 75 வீதமும் அடுத்த பெப்ரவரியில் 66 வீதமும் ஏறியது. தவணை தவற முதலே வங்கிக்குப் போனேன். தவறின பிறகு போனால் கதைக்கிற விதமே வேறு.

அங்கேதான் ஒரு முடிச்சு. கூடுதலாகக் காசு எடுத்துப் புதிதாக ஈடு எழுதுவதென்றால் கணவர் கையெழுத்து வேணும் என்றார்கள். காணி என் அம்மா எனக்குத் தந்த சீதனம், உறுதி என் பெயரில், அவர் ஒரு கல்லும் தூக்கி வைக்கவில்லை. ஆனாலும் தேசவழமைக்கு, அதாவது வடக்குத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு, உட்பட்ட கலியாணம் செய்த பெண் அசையாச் சொத்தைக் கைமாற்றவோ ஈடு வைக்கவோ புருசனின் எழுத்துமூலச் சம்மதம் வேணும். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். விட்டுட்டுப் போனவரிடம் போய்க் கையெழுத்துக் கேட்கச் சொல்கிறது. அவர் கைவிட்டுப் போனாலோ காரணமில்லாமல் மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்தில் மனுப்போட்டு அந்தச் சம்மதத்துக்குப் பதிலாகக் கட்டளை வாங்கலாம், அதற்கும் காசும் காலமும் போகும். அதனால் நான் புதுக் காசு கேட்கவில்லை. இருக்கிற கடனின் காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்கச் சொன்னேன். பழைய ஈட்டிலேயே அது நடந்தது. கேட்டவர் வடக்குக்காரி என்றால் இதைக் கட்டாயம் கவனியுங்கோ. பிரிந்து இருப்பது விவாகரத்து இல்லை, கடதாசியில் நீங்கள் இன்னும் அவருடைய மனுசிதான்.

வருமானத்துக்கு என்ன அத்தாட்சி என்று அதிகாரி கேட்டார். சம்பளச் சீட்டுக்கு எங்கே போவது? மில்லில் வைத்திருக்கிற கொப்பியைக் கொடுத்தேன். அன்றன்றைக்கு அரைத்த அரிசி, மிளகாய், மல்லி எல்லாம் கிலோக் கணக்கில் எழுதியிருக்கும். அவர் இரண்டு பக்கம் புரட்டினார், பிறகு தும்மத் தொடங்கினார். ஒவ்வொரு தாளுக்கிடையிலும் தூள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, இது உண்மையான கணக்குத்தான்" என்றார். கரண்ட் பில்லையும் பிரதேச செயலகத்து வியாபாரப் பதிவையும் சேர்த்துக் கொடுத்தேன். வியாபாரப் பதிவு கணவர் பெயரில் கிடந்தால் முதல் வேலையாக உங்கள் பெயரில் எடுங்கோ.

    

தாபரிப்புக் காசைப் பற்றியும் கேட்பீர்கள், பிள்ளைகளை வளர்க்கத் தகப்பன் தரவேண்டிய காசு. விவாகரத்து எடுக்காமலே நீதவான் நீதிமன்றத்தில் பிள்ளைகளுக்குக் கேட்கலாம், 1999ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கேளுங்கோ, அது பிள்ளைகளின் உரிமை. ஆனால் அந்தக் காசை நம்பி எந்தத் தவணைக்கும் ஒப்புக்கொள்ளாதேங்கோ. மாதச் சம்பளக்காரன் என்றால் சம்பளத்தில் பிடிக்கலாம். கூலிக்கு உழுகிறவரிடம் எதில் பிடிப்பது?

இன்னொன்று. கடன் முற்றின நேரம் ஊரில் ஒரு வசதியான மனுசன் வந்து, "தங்கச்சி, காணியை எனக்கு அறுதியாக எழுதி வையுங்கோ, காசு தந்த உடன திருப்பி எழுதித் தாறன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அறுதி எழுதினால் அது விற்பனை. திருப்பி எழுதுவது அவர் மனம் வைத்தால்தான். ஈடு என்றால் ஈட்டு உறுதி, அதைத் தவிர வேறு எதிலும் கையெழுத்து வைக்காதேங்கோ. வேண்டாம் என்று சொன்னதற்கு, கைமாற்றுத் தர வந்தாலும் வாங்காத திமிர் பிடித்தவள் என்று கதை பரப்பினார். பரப்பட்டும், காணி என் பெயரில் இருக்கிறது.

கடைசியாக, கிறிப் அறிக்கையை, அதாவது உங்கள் பெயரில் உள்ள கடன்களைக் காட்டுகிற கடன் தகவல் பணியகத்து அறிக்கையை, எடுத்துப் பாருங்கோ. உங்கள் கடன் மட்டுமில்லை, பிணை நின்றதும் அதில் வரும். அவர் வேறு எதற்காவது உங்கள் கையெழுத்தை வாங்கியிருந்தால் அங்கே தெரிந்துவிடும். லீசிங் மிச்சத்தைக் கட்டி முடித்தபோது, முடிந்தது என்ற கடிதத்தை அந்த ஒபிசிலேயே இருந்து, முத்திரையும் குத்தி வாங்கிக்கொண்டுதான் எழும்பினேன். "தபாலில் வரும் அக்கா" என்றார்கள். "பரவாயில்லை தம்பி, நான் பொறுத்து வாங்கிக்கொண்டு போறன்" என்றேன்.