ஆண் குழந்தைக்கு விலங்குப் பெயர் வைக்கலாமா? வைத்தவனின் பதில்

கேள்வி இது: "எங்கள் ஆண் குழந்தைக்கு ஒரு விலங்கை ஒட்டிய பெயர் தேடுகிறோம். சிங்கம், புலி வேண்டாம். கேட்டவுடன் விலங்கு என்று யாருக்கும் தெரியக் கூடாது, ஆனால் எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்ன வைக்கலாம்?"

என் மகனுக்குக் கரடியின் பெயர். ஆறு வயதாகிறது. நாங்களாகச் சொன்னால் ஒழிய இதுவரை ஒருவரும் கண்டுபிடித்ததில்லை.

திட்டம் போட்டு வைத்த பெயர் இல்லை. அவன் வயிற்றில் இருந்தபோது எடுத்த ஸ்கேனில் முதுகைக் காட்டிச் சுருண்டு கிடந்தான். "கரடிக்குட்டி தூங்குது பாருங்க" என்றாள் மனைவி. அதிலிருந்து பிறக்கும்வரை வீட்டில் அதுதான் பெயர். பிறந்த பிறகு வேறு ஏதாவது வைக்க இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை. அதற்காகக் கரடி என்றே வைக்க முடியுமா? நம் பேச்சில் கரடி விடுவது என்றால் பொய் சொல்வது. வேண்டாத நேரத்தில் வந்து நிற்பவன் சிவபூஜையில் நுழைந்த கரடி. பாவம், அந்த விலங்குக்கு இதில் எதிலும் சம்பந்தம் இல்லை.

ஜாம்பவான் என்று ஆரம்பித்தோம். கரடிகளின் அரசன், ராமாயணக்காரர், மரியாதையான பெயர். ஆனால் ஒரு துறையில் பழம் தின்று கொட்டை போட்டவரைத்தான் இப்போது ஜாம்பவான் என்கிறோம். தொட்டிலில் கிடப்பவனை அப்படிக் கூப்பிட்டால் சிரிப்புதான் வந்தது. ஸ்வீடன், நார்வே பக்கம் பியோர்ன் என்பது மிகச் சாதாரணமான ஆண் பெயர், பொருள் கரடி. அங்கே யாரும் அதை வினோதமாகப் பார்ப்பதில்லை. நம் வாயில் அது நுழையவில்லை.

அப்புறம்தான் பழந்தமிழ்ப் பக்கம் போனோம். கரடிக்கு எண்கு என்று ஒரு பெயர் இருக்கிறது. எண்கன் என்று எழுதிப் பார்த்தபோது கம்பீரமாகத்தான் இருந்தது. கூப்பிட்டுப் பார்த்தோம். "எண்கா!" என்றால் "எங்கே?" என்று கேட்கிற மாதிரி இருந்தது. மாமனார் இரண்டு முறை "எதைத் தேடுறீங்க மாப்பிள்ளை?" என்றார். அதோடு அது போயிற்று.

கடைசியில் கிடைத்தது உளியம், அதுவும் கரடிக்குப் பழைய பெயர்தான். திருமுருகாற்றுப்படையின் முடிவில் மலையிலிருந்து அருவி இறங்கி வரும் இடத்தில் இந்த உளியம் வரும். வளைந்த பாதமும் அடர்ந்த மயிருமாக இருக்கும் அது, பாறைப் பிளவுக்குள் போய் ஒடுங்கிக்கொள்ளும். ஸ்கேனில் பார்த்தது அதையேதான். உளியன் என்று வைத்துவிட்டோம். 'அம்' போய் 'அன்' வந்ததற்கு இலக்கணம் தெரிந்தவர்கள் என்னைத் திட்டலாம், வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எந்த விலங்கு என்று யோசிப்பதில் அதிக நேரம் செலவழிக்காதீர்கள். அது ஏற்கெனவே உங்கள் மனதில் இருக்கும். தேட வேண்டியது சொல்லை. ஒரு விலங்குக்கே நம்மிடம் ஏழெட்டுச் சொற்கள் உண்டு. ஒன்று ஏச்சாக இருக்கும், இன்னொன்று அழகான பெயராக இருக்கும்.

மேலும், நீங்கள் கேட்பது ஆண் பெயர். அதற்குத் தொல்காப்பியத்தின் மரபியல் ஒரு சுரங்கம். விலங்கு, பறவைகளில் ஆணுக்கு மட்டும் வழங்கும் சொற்களை வரிசையாக அடுக்கி, எது எதற்குப் பொருந்தும் என்றும் சொல்லியிருக்கிறார்கள்: ஏறு, ஒருத்தல், களிறு, சேவல், இரலை, கலை, தகர், போத்து, கடுவன் என்று நீளும். அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது கலை. ஆண் மானுக்கும் ஆண் முசுக் குரங்குக்கும் அந்தச் சொல் உண்டு. கலையன், கலைமாறன் என்று ஏதாவது வைத்தால் ஊரே ஓவியம், நடனம் என்று நினைத்துக்கொள்ளும். மான் உங்களுக்குள் இருக்கும். இரலையும் ஆண் மான்தான், கொஞ்சம் மென்மையான ஒலி. களிறு எல்லாருக்கும் பிடிக்கும், ஆனால் அது ஆண் பன்றிக்கும் பொருந்தும் என்று அதே மரபியல் சொல்வதை யாராவது ஒரு தமிழாசிரியர் உங்களுக்கு நினைவுபடுத்துவார். கடுவன் ஆண் குரங்கு, ஆண் பூனை. கேலிக்கு இடம் உண்டுதான். ஆனால் பரிபாடல் புலவர்களில் ஒருவர் பெயரே கடுவன் இளவெயினனார். போதாததற்கு மலையாளத்தில் கடுவா என்றால் புலி, வாசலில் நின்று கூப்பிட்டால் பதவி உயர்வு!

குட்டி என்ற பொருளில் குருளை என்று ஒரு சொல் உண்டு. புலிக்குட்டி என்று நினைத்துப் பலர் ஆசைப்படுவார்கள். நாய், பன்றி, முயல், நரி இவற்றின் குட்டியும் குருளைதான். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை, உங்கள் பெற்றோருக்கு இருக்கலாம்.

வடமொழிப் பெயர் போதும் என்றால் வேலை சுலபம். வகுப்பில் வருகைப் பதிவேட்டை வாசித்தாலே பாதி மிருகக்காட்சிச் சாலைதான். அஸ்வின் பெயருக்குள் குதிரை இருக்கிறது. ஸ்ரீவத்ஸனில் கன்று. நகுலன் என்றால் கீரி. கௌசிகம் என்றால் ஆந்தை என்றும் ஒரு பொருள் உண்டு. காசியபன் ஆமை, "ஆமை புகுந்த வீடு" என்று பழமொழி சொல்லி மிரளுகிற வீட்டிலேயே அந்தப் பெயர் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும்.

பழைய பெயர்களில் விலங்கைத் தேடும்போது ஏமாந்துவிடாதீர்கள். நான் ஏமாந்தேன். பிசிராந்தையார் இருக்கிறாரே, ஆந்தையை அப்போதே பெயராக வைத்திருக்கிறார்கள் என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அது பறவை இல்லை, ஆதன் தந்தை என்பது சேர்ந்து ஆந்தை ஆனது. அதியமானில் மானும் இல்லை, மகன்தான் மான் ஆகியிருக்கிறான்.

இன்னும் ஒன்று, பிடித்த சொல்லுக்கு வேறு என்ன பொருள் என்று அகராதியில் பார்த்துவிடுங்கள். மடங்கல் என்றால் சிங்கம், கேட்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் எமனுக்கும் அதுதான் பெயர். ஆளி யாளியைக் குறிக்கும், இன்றைக்குக் கேட்பவர்களுக்கோ ஆளி விதை. உழுவை புலியாகவும் இருக்கலாம், மீனாகவும் இருக்கலாம். வேழன் அருமையான பெயர். ஆனால் ழகரம் வராத வாய்களில் அவன் ஆயுள் முழுக்க வேலனாகத்தான் இருப்பான். உளியனுக்கும் அந்தத் தொல்லை உண்டு, பள்ளியில் ஒலியன், ஒளியன் என்று எப்படியெல்லாமோ எழுதி வருகிறது. பழகிவிட்டது.

இரண்டாவது பொருள் இருப்பதே கெடுதல் என்று சொல்லவில்லை. உளியன் என்றதும் எல்லாரும் கல் செதுக்கும் உளியைத்தான் நினைக்கிறார்கள். என் அம்மாவும் சிற்பி என்கிற அர்த்தத்தில்தான் வைத்திருக்கிறோம் என்று நம்பி, உறவு முழுக்க அப்படியே சொல்லிவிட்டார். நாங்கள் திருத்தவில்லை.

நாலு வயதில் அவனிடம் உண்மையைச் சொன்னோம். அடுத்த ஒரு வருடம் சோபாவுக்கு அடியில்தான் குடியிருந்தான், குகையாம். இப்போது கரடிக் காலம் முடிந்துவிட்டது. மண் தோண்டும் வண்டி, பாறை உடைக்கும் வண்டி, அதைத் தவிர வேறு பேச்சே இல்லை. போன வாரம் வீட்டுக்கு வந்த ஒருவர் "உன் பெயருக்கு என்னப்பா அர்த்தம்?" என்று கேட்டார். நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவன் யோசிக்கவே இல்லை. "உளின்னா கல்லு உடைக்கிறது. நான் பெரிய உளி" என்றான்.