பழைய சிஸ்டம் மவுஸை எடுக்கவில்லையா? கேள்வி பதில்

இன்று பழைய டெஸ்க்டாப்பில் மவுஸ் எடுக்காத பிரச்சினை மட்டும் பார்ப்போம். கேட்கும்போது மூன்று விவரம் சேர்த்து எழுதுங்கள்: பின்பக்கம் எந்த போர்ட் (வட்டமான பி.எஸ்/2, யு.எஸ்.பி, அல்லது 9 பின் சீரியல்), எந்த விண்டோஸ், மவுஸ் புதிதா பழையதா. வட்ட போர்ட்டில் எதைச் சொருகினாலும் கழற்றினாலும் சிஸ்டத்தை ஆஃப் செய்துவிட்டுச் செய்யுங்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈரோடு ஜவுளிக்கடை: சார், பில் போடுற சிஸ்டம், எக்ஸ்பி. பழைய மவுஸ் போயிடுச்சு. புது யு.எஸ்.பி மவுஸும் பச்சை கலர் கன்வெர்ட்டரும் வாங்கி, பின்னாடி பச்சை போர்ட்டில் மாட்டினேன். அடியில் சிவப்பு லைட் எரியுது, ஆனா பாயிண்டர் அசையல. லைட் எரிஞ்சா கன்வெர்ட்டர் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?

பதில்: இல்லை. லைட் எரிந்தால் 5 வோல்ட் வருகிறது, அவ்வளவுதான் அர்த்தம். அந்தப் பச்சைக் கட்டைக்குள் எந்தச் சிப்பும் கிடையாது, நான்கு கம்பிகள் மட்டும்தான். யு.எஸ்.பி-யின் 5 வோல்ட் 4-ஆம் பின்னுக்கும், கிரவுண்டு 3-ஆம் பின்னுக்கும், இரண்டு டேட்டா கம்பிகள் 1-க்கும் 5-க்கும் போகின்றன. கரண்ட் போய்ச் சேர்வதால் லைட் எரிகிறது. ஆனால் அந்த டேட்டா கம்பிகளில் மவுஸ் பேசுவது யு.எஸ்.பி முறை, போர்ட் எதிர்பார்ப்பது பி.எஸ்/2 முறை. இரண்டும் அடிப்படையிலேயே வேறு.

பிறகு ஒரு காலத்தில் அதே கட்டை எப்படி வேலை செய்தது? அப்போது மவுஸின் சிப்பே இரண்டு முறையும் தெரிந்ததாக இருந்தது. கரண்ட் வந்ததும் எந்த போர்ட்டில் இருக்கிறோம் என்று கம்பிகளைப் பார்த்து அதுவே முடிவு செய்துகொள்ளும். கட்டை பெட்டிக்குள்ளேயே மவுஸோடு சேர்ந்து வரும். இப்போது விற்கும் மவுஸ்களில் பெரும்பாலானவை யு.எஸ்.பி மட்டும்தான். அவற்றுக்கு எத்தனை கட்டை மாற்றினாலும் பயனில்லை.

உங்களுக்குச் செலவே இல்லாத வழி இருக்கிறது. எக்ஸ்பி ஓடும் சிஸ்டத்தில் ஏறக்குறைய எப்போதும் பின்பக்கம் யு.எஸ்.பி இருக்கும். கட்டையைக் கழற்றிவிட்டு நேராக அங்கே சொருகுங்கள். டிரைவர் எக்ஸ்பி-யிலேயே இருக்கிறது, சிடி வேண்டாம். யு.எஸ்.பி எல்லாமே செத்திருந்தால், வட்ட பின்னோடு வரும் அசல் பி.எஸ்/2 மவுஸாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு பக்கம் யு.எஸ்.பி-யும் மறுபக்கம் ஊதா, பச்சை என இரண்டு வட்டத் துளைகளும் உள்ள கேபிளைக் கடைக்காரர் காட்டினால் வாங்காதீர்கள். அதில் சிப் உண்டு, ஆனால் அது எதிர்த்திசைக்கானது: பி.எஸ்/2 மவுஸை யு.எஸ்.பி மட்டும் உள்ள சிஸ்டத்தில் மாட்டுவதற்கு.

கல்லூரி மாணவி: மவுஸே இல்லாம டிவைஸ் மேனேஜருக்கு எப்படிப் போறது?

பதில்: விண்டோஸ் கீயோடு பாஸ் (Pause) கீயை அழுத்தினால் சிஸ்டம் விண்டோ வரும். எக்ஸ்பி-யில் கன்ட்ரோல்-டேப் அடித்து ஹார்டுவேர் பக்கம் போய், டேப் கீயால் டிவைஸ் மேனேஜர் (சிஸ்டத்தில் உள்ள கருவிகளின் பட்டியல்) பட்டனுக்கு வந்து என்டர் தட்டுங்கள். உள்ளே அம்புக் கீகளால் நகரலாம், வலது அம்பு பிரிவைத் திறக்கும், ரைட் கிளிக்குக்குப் பதில் ஷிஃப்ட்-எஃப்10.

நம்பர் பேடு உள்ள கீபோர்டு என்றால் இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம் லாக் மூன்றையும் சேர்த்து அழுத்தி என்டர் தட்டுங்கள். அதன்பின் நம்பர் பேடே மவுஸ்: 5 கிளிக், கூட்டல் குறி டபுள் கிளிக், கழித்தல் குறியை ஒருமுறை தட்டினால் 5 ரைட் கிளிக் ஆகும், வகுத்தல் குறி மறுபடி லெஃப்ட்டுக்குக் கொண்டுவரும்.

திருச்சி, டிடிபி சென்டர்: அசல் பி.எஸ்/2 மவுஸ்தான். வயர் இழுபட்டு கழன்றது. சிஸ்டம் ஓடிட்டு இருக்கும்போதே திரும்பச் சொருகினேன். இப்ப அசைய மாட்டேங்குது.

பதில்: முதலில் சிஸ்டத்தை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பி.எஸ்/2 மவுஸ் கரண்ட் வந்ததும் தன்னைச் சோதித்துக்கொண்டு, ‘நான் நலம்’ என்று ஒரு குறியீடு அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கும். ‘இனி அசைவுகளை அனுப்பு’ என்று சிஸ்டம் கட்டளை கொடுத்தால்தான் அனுப்பத் தொடங்கும். அந்தக் கட்டளை பூட் ஆகும்போது போகிறது. நடுவில் கழன்று மாட்டினால் பல சிஸ்டங்கள் கவனிப்பதில்லை.

ரீஸ்டார்ட் செய்தும் வரவில்லை, கூடவே கீபோர்டும் செத்துவிட்டது என்றால், மதர்போர்டில் அந்த இரண்டு போர்ட்டுக்கும் 5 வோல்ட் கொடுக்கும் ஃபியூஸ் போயிருக்கலாம். பல போர்டுகளில் இரண்டுக்கும் ஒரே ஃபியூஸ்தான். அதனால்தான் சொல்கிறேன்: ஆஃப் செய்துவிட்டு சொருகுங்கள்.

கோவை, சர்வீஸ் டெக்னீஷியன்: சார், தேவையில்லாம பயமுறுத்தாதீங்க. நாங்க தினமும் ஆன்ல வச்சே மாத்தி மாத்தி சொருகுறோம். ஒண்ணும் ஆனதில்ல. இப்ப எல்லாம் பாலிஃபியூஸ், சூடானா கட் ஆகும், ஆறினா தானா வந்துடும்.

பதில்: பாலிஃபியூஸ் உள்ள போர்டுக்கு நீங்கள் சொல்வது சரி. சில நிமிடம் கரண்ட் இல்லாமல் விட்டால் மீண்டுவிடும். ஆனால் இங்கே கேட்பவர்களிடம் இருப்பது பழைய போர்டுகள். அவற்றில் எஃப்1 என்று எழுதிய, ஒருமுறை போனால் போனதுதான் என்கிற ஃபியூஸ் உள்ளவை நிறைய. எது இருக்கிறது என்று கேபினெட்டைத் திறக்காமல் தெரியாது. தெரியாதவருக்கு ‘ஆன்ல சொருகலாம்’ என்று நான் சொல்ல மாட்டேன்.

கோவை, சர்வீஸ் டெக்னீஷியன்: பின்னோட வெளி உலோக வளையம்தான் முதல்ல தொடும், அது கிரவுண்டு. அப்புறம் எப்படி கெடும்?

பதில்: வளையம் முதலில் தொடுவது உண்மை. அதற்குப் பிறகு நடப்பதுதான் பிரச்சினை. யு.எஸ்.பி பிளக்கைப் பாருங்கள்: ஓரத்தில் உள்ள இரண்டு பவர் தகடுகள் நீளம், நடுவில் உள்ள டேட்டா தகடுகள் குட்டை. கரண்ட் முதலில், டேட்டா பிறகு என்று திட்டமிட்டே செய்தது. பி.எஸ்/2-வில் ஆறு பின்னும் ஒரே நீளம், எது முதலில் தொடும் என்று யாரும் சொல்ல முடியாது. மேசைக்குப் பின்னால் கையை விட்டு, பார்க்காமல், சாய்த்துத் திருகிச் சொருகுகிறார்கள். வளைந்த பின் உலோக வளையத்தில் உரசினால் 5 வோல்ட் நேராக ஷார்ட். ஃபியூஸ் போனால் தப்பித்தோம். டேட்டா கம்பி வழியாக அடி வாங்கினால், கீபோர்டு கன்ட்ரோலரைத் தன்னுள் வைத்திருக்கும் சூப்பர் ஐ/ஓ சிப் போகும், அதை மாற்றுவது சாதாரண கடை வேலை இல்லை.

மதுரை: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஃபியூஸ் போயிருக்கான்னு மல்டிமீட்டரில் எப்படிப் பார்க்கிறது?

பதில்: நல்ல கேள்வி. டி.சி வோல்டேஜில் வையுங்கள். போர்ட் காலியாக இருக்கட்டும், சிஸ்டம் ஆனில் இருக்கட்டும். வட்டத் துளைக்குள் நடு வரிசையில் இடதும் வலதுமாக விலகி இருக்கும் இரண்டு துளைகள்தான் 3-ம் 4-ம். ஒன்று கிரவுண்டு, ஒன்று 5 வோல்ட். மெல்லிய முனையால் தொடுங்கள், முனை வெளி வளையத்தில் படவே கூடாது. 4.75-இலிருந்து 5.25-க்குள் இருந்தால் கரண்ட் சரி, கோளாறு மவுஸிலோ டேட்டா பாதையிலோ. சுழியம் என்றால் சிஸ்டத்தை அணைத்து, பவர் கார்டைப் பிடுங்கி, போர்ட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஃபியூஸின் இரு முனைகளில் ஓம்ஸ் பாருங்கள். நல்ல ஃபியூஸ் கிட்டத்தட்ட 0 காட்டும்.

மாற்றுவதானால் அதே ஆம்பியர் அளவு போடுங்கள். வயர் வைத்துப் பாலம் போடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அடுத்த முறை ஷார்ட் ஆன மவுஸ் வந்தால் போர்டில் உள்ள செம்புத் தடமே எரியும்.

இன்னொன்று: ஷட் டவுன் செய்த பிறகும் மவுஸ் லைட் எரிவதைப் பார்த்திருப்பீர்கள். பல போர்டுகள் அந்த போர்ட்டுக்கு ஸ்டாண்ட்பை 5 வோல்ட் கொடுக்கின்றன. எனவே ஆஃப் என்றால் ஷட் டவுன் மட்டும் இல்லை, சுவரில் உள்ள சுவிட்சையும் சேர்த்து.

கோவை, சர்வீஸ் டெக்னீஷியன்: ஸ்டாண்ட்பை விஷயம் ஒத்துக்கறேன். கஸ்டமருக்கு ஆஃப் பண்ணச் சொல்றதில தப்பில்ல. ஆனா எங்க கை பழக்கம் வேற.

பதில்: உங்கள் கை உங்கள் பொறுப்பு. படிப்பவர்களுக்கு என் பதில் மாறாது. அடுத்த கேள்விக்குப் போவோம்.

சேலம்: யு.எஸ்.பி மவுஸ் + பச்சை கன்வெர்ட்டர், லைட் எரியுது, வேலை செய்யல.

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

தஞ்சாவூர்: எக்ஸ்பி, யு.எஸ்.பி மவுஸ். சொருகினா ‘யு.எஸ்.பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு’ன்னு வருது. முன்னாடி பக்கம் உள்ள போர்ட்தான்.

பதில்: முதலில் பின்பக்க போர்ட்டில் மாட்டுங்கள். முன்பக்கத்துக்கு உள்ளே ஒரு வயர் ஓடுகிறது. அசெம்பிள் செய்தபோது அதைத் தவறாக மாட்டியிருப்பது சகஜம். பின்பக்கத்திலும் அதே செய்தி என்றால் அந்த மவுஸை வேறு சிஸ்டத்தில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் அப்படியே என்றால் வயர்தான், பெரும்பாலும் மவுஸுக்குள் நுழையும் கழுத்துப் பகுதியில் உள்ளே அறுந்திருக்கும். அங்கே நன்றாக ஓடினால் இங்கே டிவைஸ் மேனேஜரில் யு.எஸ்.பி கன்ட்ரோலர்களை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள், தானே திரும்பப் போட்டுக்கொள்ளும். ஆனால் கீபோர்டும் யு.எஸ்.பி என்றால் இதைச் செய்யாதீர்கள். பாதியில் இரண்டும் போய்விடும். பி.எஸ்/2 கீபோர்டு ஒன்றை மாட்டிக்கொண்டு செய்யுங்கள்.

நெல்லை: டிவைஸ் மேனேஜரில் மவுஸ் மேல மஞ்சள் குறி, கோட் 39. பழைய மவுஸ் சாஃப்ட்வேரை எடுத்த பிறகுதான் இப்படி.

பதில்: அந்த சாஃப்ட்வேர் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் செட்டிங்குகளைச் சேமிக்கும் இடம்) தன் பெயரை விட்டுப் போயிருக்கிறது. கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், கிளாஸ் என்று உள்ளே போய், கிளாஸ் என்பதன் மதிப்பு மவுஸ் என்றிருக்கும் கிளையைக் கண்டுபிடியுங்கள். முதலில் அதை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். அதில் அப்பர் ஃபில்டர்ஸ் என்ற மதிப்பில் எம்-ஓ-யு-சி-எல்-ஏ-எஸ்-எஸ் என்ற ஒரே வரி மட்டும் இருக்க வேண்டும். மற்ற வரியை மட்டும் அழியுங்கள். மொத்த மதிப்பையும் அழித்தால் எந்த மவுஸும் வராது.

புதுச்சேரி: விண்டோஸ் உள்ளே மவுஸ் ஓடுது. டாஸ்ல பூட் பண்ணினா யு.எஸ்.பி மவுஸும் கீபோர்டும் வரல. முன்னாடி வந்தது. டேட்டும் தப்பா காட்டுது.

பதில்: டேட் தப்பு என்றதிலேயே விடை இருக்கிறது. மதர்போர்டில் உள்ள சிமாஸ் பேட்டரி தீர்ந்து, பயாஸ் (சிஸ்டம் ஆன் ஆனதும் முதலில் ஓடும் புரோகிராம்) செட்டிங் எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போயிருக்கிறது. சி.ஆர் 2032, 3 வோல்ட் பேட்டரி போட்டுவிட்டு, பயாஸில் யு.எஸ்.பி லெகசி சப்போர்ட், யு.எஸ்.பி மவுஸ் சப்போர்ட் இரண்டையும் எனேபிள் செய்யுங்கள். உள்ளே போக பி.எஸ்/2 கீபோர்டு தேவைப்படலாம். (மாட்டுவதற்கு முன் சுவர் சுவிட்ச் ஆஃப்.)

வேலூர்: விண்டோஸ் 7, புது புளூடூத் மவுஸ் எடுக்கல.

பதில்: புளூடூத் லோ எனர்ஜி என்ற, கரண்ட் குறைவாக எடுக்கும் வகையாக இருக்கும். அதற்கு விண்டோஸ் 8-ஆவது வேண்டும். குட்டி ரிசீவரோடு வரும் மவுஸ் வாங்குங்கள்.

ஓசூர்: பச்சை கன்வெர்ட்டர் வேற கம்பெனி வாங்கினா சரியாகுமா?

பதில்: ஆகாது. கம்பெனி எதுவானாலும் உள்ளே அதே நான்கு கம்பிகள்தான். இந்தக் கேள்விக்கு இனி பதில் எழுத மாட்டேன், முதல் பதிலில் எல்லாம் இருக்கிறது.

சென்னை: பட்ஜெட் லேப்டாப் எது நல்லது?

பதில்: இன்றைய தலைப்பு அது இல்லை.

அம்பத்தூர், லேத் பட்டறை: மெஷினோட டாஸ் சிஸ்டம். 9 பின் சீரியல் மவுஸ் போயிடுச்சு. பி.எஸ்/2 மவுஸும், 9 பின்னுக்கு மாத்துற கட்டையும் கிடைச்சுது. எடுக்கல.

பதில்: நேரம் எடுத்துச் சொல்ல வேண்டிய கேள்வி. இந்தக் கட்டையும் வெறும் கம்பிதான், மவுஸின் சிப்புக்கு சீரியல் முறை தெரிந்திருக்க வேண்டும். சீரியல் போர்ட்டில் தனியாக 5 வோல்ட் கம்பியே இல்லை. மவுஸ் தனக்கு வேண்டிய கரண்டை டி.டி.ஆர், ஆர்.டி.எஸ் என்ற இரண்டு சிக்னல் கம்பிகளிலிருந்து எடுத்துக்கொள்ளும். வினாடிக்கு 1200 பிட் வேகத்தில் பேசும். டிரைவர் அந்தக் கம்பிகளை ஒருமுறை அணைத்து ஏற்றியதும் மவுஸ் ‘எம்’ என்ற எழுத்தை அனுப்பும், அதை வைத்துத்தான் டிரைவர் அடையாளம் காண்கிறது. உங்கள் மவுஸ் அந்த எழுத்தை அனுப்பாத வகை. எனவே 9 பின்னோடு பிறந்த சீரியல் மவுஸ்தான் தேட வேண்டும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய சாமான் வைத்திருக்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

கிடைத்ததும் டிரைவரைப் பாருங்கள். டாஸுக்கு கியூட் மவுஸ் இலவசம், சிறியது. காம் 1-இல் (முதல் சீரியல் போர்ட்) மாட்டியிருந்தால் /எஸ்1 என்று சேர்த்து ஓட்டுங்கள். வரவில்லை என்றால் பயாஸில் முதல் சீரியல் போர்ட் 3எஃப்8 (போர்ட்டின் முகவரி), ஐ.ஆர்.கியூ 4 (‘என்னைக் கவனி’ என்று சிஸ்டத்தைக் கூப்பிடும் சிக்னலின் எண்) என்று இருக்கிறதா பாருங்கள். உள்ளே பழைய மோடம் கார்டு காம் 3 என்று வைக்கப்பட்டிருந்தால் அதுவும் வழக்கமாக அதே ஐ.ஆர்.கியூ 4-ஐ எடுக்கும், இரண்டும் மோதும். சிஸ்டத்தை அணைத்து அந்தக் கார்டைக் கழற்றிவிட்டு மறுபடி முயலுங்கள்.