திரௌபதிக்குப் பொன்னாடை

கேள்வி: மே மாதம் எங்கள் சங்கத்தின் சார்பில் பெங்களூரில் ஒரு நடன விழா நடத்துகிறோம். ஏசி அரங்கம் கிடைத்துவிட்டது. சிறப்பு விருந்தினர்தான் இன்னும் கிடைக்கவில்லை. சென்னையின் டிசம்பர் சீசன் போல நம் ஊரிலும் ஒரு கோடை சீசனை உருவாக்க என்ன செய்ய வேண்டும்?
– சங்கச் செயலாளர் ஒருவர், அல்சூர்

பதில்: சிறப்பு விருந்தினர் கிடைக்கவில்லையா? வாழ்த்துகள். விழா பாதி வெற்றி.

இந்த ஊரில் ஒரு சபாவின் நாட்டிய நாடகம் பார்க்கப் போயிருந்தேன். சபாவின் பெயர் வேண்டாம். திரௌபதி மானபங்கக் காட்சி. துச்சாதனன் சேலையை இழுத்துக்கொண்டிருக்கிறான். அந்தப் பெண் இரண்டு கைகளையும் மேலே தூக்கிவிட்டாள். கண்ணன் திரை ஓரத்தில் தயாராக நிற்கிறான். அந்த நேரம் பார்த்து விருந்தினரின் கார் வந்துவிட்டது. நட்டுவாங்கத் தாளம் நின்றது, அரங்கு விளக்குகள் எரிந்தன. மேடையேறிய பிரமுகர் முதல் வேலையாகத் திரௌபதிக்குப் பொன்னாடை போர்த்தினார். கண்ணனுக்கு வேலை மிச்சமில்லை. அடுத்த சால்வை துச்சாதனனுக்கு. அவன் இழுத்துக்கொண்டிருந்த சேலையைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து வாங்கிக்கொண்டான். அப்புறம் பேச்சு. தமக்குப் பரதநாட்டியம் பற்றி ஒன்றும் தெரியாது என்று ஆரம்பித்த பிரமுகர், அதை அரை மணி நேரம் நிரூபித்தார். பாண்டவர்கள் ஐவரும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அது நடிப்பு இல்லை. அவர் கிளம்பியதும், விட்ட இடத்திலிருந்து தொடரும் என்று அறிவித்தார்கள். சேலையிலிருந்து தொடர்வதா, சால்வையிலிருந்து தொடர்வதா என்று துச்சாதனனுக்குக் குழப்பம்.

இதே விஷயத்தை இந்தப் பக்கத்தில் முன்பு எழுதி ஒரு சபாக்காரரின் சந்தாவை இழந்தேன். போனால் போகட்டும்.

சரி, சீசனுக்கு வருவோம். சென்னை சீசனை எந்தச் சங்கமும் தீர்மானம் போட்டு உருவாக்கவில்லை. 1927 டிசம்பரில் அங்கே காங்கிரஸ் மாநாடு நடந்தது. அதை ஒட்டி ஒரு இசை மாநாடும் நடந்தது. அதிலிருந்து மியூசிக் அகாடமி, அதைத் தொடர்ந்து சீசன். அரசியல்வாதிகளால் கலைக்கு விளைந்த பெரிய நன்மை அது. பதிலுக்கு இன்றுவரை சால்வையாக வசூலித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதோடு, நம் ஊரில் கோடை சீசன் இல்லை என்று உங்களிடம் யார் சொன்னது? சாமராஜ்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் ராமசேவா மண்டலியின் ராமநவமி உற்சவம் 1939-ல் தொடங்கியது. எம்.எஸ். சுப்புலட்சுமியும் செம்மங்குடி சீனிவாச ஐயரும் பாடிய பந்தல் அது. வெயில் ஏறும் பருவத்தில் வாரக்கணக்கில் கச்சேரி. ராமநவமி என்றால் ஊர் முழுக்கப் பானகம், நீர்மோர், கோசம்பரி. கோசம்பரி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஊறவைத்த பாசிப்பருப்பு, வெள்ளரி, தேங்காய், எலுமிச்சை, கடுகு தாளிப்பு, அவ்வளவுதான். மாங்காய் துருவிப் போட்டால் பருவத்தை முன்னிட்டு மன்னிக்கலாம். இப்போது சில இடங்களில் மாதுளையும் ஸ்வீட் கார்னும் சேர்க்கிறார்கள். ராமர் இன்னொரு முறை வனவாசம் போய்விடுவார்.

அது பாட்டு, நான் கேட்டது நடனம் என்பீர்கள். இருக்கிறது. சைத்ர பௌர்ணமி இரவில் திகளர்பேட்டை தர்மராய சுவாமி கோயிலுக்குப் போய் நில்லுங்கள். மல்லிகையைக் கோபுரமாகக் கட்டிய கரகத்தைத் தலையில் ஏந்தி, மஞ்சள் சேலையும் வளையலுமாக ஒரு ஆண் வெளியே வருவார். திரௌபதி வேடம் என்று சொல்லிவிடாதீர்கள், அங்கே கோபித்துக்கொள்வார்கள். அன்றைக்கு அவரே திரௌபதி. கரகத்தைக் கையால் பிடிக்கக் கூடாது. சுற்றிலும் உருவிய கத்தியோடு, கரகத்துக்குக் காவலாக வரும் வீரகுமாரர்கள். கரகம் தவறினால் சுமப்பவரை அவர்கள் வெட்டிவிட வேண்டும் என்பது பழைய ஐதீகம். நம் நடன விமர்சகர்கள் அதைவிட இரக்கமானவர்கள், கொஞ்சம்தான். பேட்டைத் தெருக்கள் வழியாக ஓட்டமும் ஆட்டமுமாகப் போய், காட்டன்பேட்டை மஸ்தான் தர்காவில் நின்று, கோயில் திரும்புவதற்குள் விடிந்துவிடும். இதை நடத்தும் திகளர்கள் தோட்டத் தொழிலுக்குப் பேர்போனவர்கள், தமிழ் வேர் உள்ளவர்கள். வட ஆற்காடு, தென்னாற்காடு பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் கூத்து பார்த்தவர்களுக்கு இந்த அம்மன் அந்நியம் இல்லை. ஆனால் நம் சங்கங்களின் கலை விழா மலர்களில் கரகத்தைப் பற்றி ஒரு வரி படித்ததாக எனக்கு நினைவில்லை. டிக்கெட் இல்லை, ஏசி இல்லை, அரங்கேற்ற அழைப்பிதழ் இல்லை. அதனால் அது நமக்கு நடனம் இல்லை போலிருக்கிறது. வழியில் ஜனங்கள் மல்லிகைப் பூவை அள்ளி வீசுகிறார்கள். பொன்னாடை போர்த்துகிறேன் என்று அந்தக் கத்திகளுக்கு நடுவே நுழையும் பிரமுகரை எனக்கும் பார்க்க ஆசைதான்.

ஏசி பற்றி மிருதங்கக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குளிரில் தோல் படுத்தும் பாட்டை அவரே சொல்வார்.

உங்கள் விழாவுக்கு என்னால் முடிந்த யோசனை, நேரத்துக்குத் தொடங்குங்கள். கன்னட நடிகர் சங்கர் நாகின் நினைவாக அவர் மனைவி அருந்ததி நாக் ஜே.பி. நகரில் எழுப்பிய ரங்க சங்கரா நாடக அரங்கில், நாடகம் தொடங்கிய பின் வருபவருக்குக் கதவு திறக்காது. 2004-ல் திறக்கப்பட்ட அரங்கம். கோபித்துக்கொண்டு போனவர்களால் அது மூடிவிடவில்லை. விருந்தினர் இருந்தே ஆக வேண்டும் என்று செயற்குழு அடம்பிடித்தால், வாகன நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்புக்கு அப்பால் குடியிருக்கும் பிரமுகராகப் பார்த்து அழையுங்கள். மே மாதத்து இடி மழையில் ஆறரை மணி நிகழ்ச்சிக்குக் கிளம்பினால், நீங்கள் மங்களம் பாடி, வாடகை நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருக்கும்போது வந்து சேர்வார். சால்வையைக் கார் ஜன்னல் வழியாகவே கொடுத்துவிடலாம்.