ஆடிட் நாளும் மறுநாளும்

அன்புள்ள ஐயா,

என் அம்மா புதுச்சேரிப் பக்கம் ஓர் ஏற்றுமதி ஆடை கம்பெனியில் டெய்லர். தொழிலாளர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று சோதிக்க ஆடிட்டர் வரும் நாளில் மட்டும் கழிப்பறை கழுவியிருக்கும், எல்லோருக்கும் மாஸ்க் கிடைக்கும். ஓவர்டைம் பற்றிக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று முந்தின நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அம்மாவும் அப்படியே சொல்லிவிட்டு வருகிறார். ஆடிட் முடிந்து கிடைக்கும் இந்தச் சான்றிதழ்களால் யாருக்கு நன்மை?

த., மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள த.,

அம்மா பொய் சொல்கிறாரே என்று வருந்தாதீர்கள். ஆடிட்டர் மாலையில் போய்விடுவார், சூப்பர்வைசர் மறுநாளும் அங்கேதான் நிற்பார். அது அம்மாவுக்குத் தெரியும்.

2012 செப்டம்பரில் கராச்சியில் ஓர் ஆடை ஆலை எரிந்து 250க்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஜன்னல்களில் கம்பி, கதவுகளில் பூட்டு. சில வாரங்களுக்கு முன்புதான் அதற்கு எஸ்ஏ 8000 என்னும் சர்வதேசத் தொழிலாளர் நலச் சான்றிதழ் கிடைத்திருந்தது! அடுத்த ஏப்ரலில் டாக்கா அருகே ரானா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கட்டடத்தின் விரிசலை முந்தின நாளே தொழிலாளர்கள் பார்த்திருந்தார்கள். உள்ளே போக மாட்டோம் என்று மறுக்கத்தான் அவர்களுக்குப் பலம் இல்லை. ஆடைகளை வாங்கும் பிராண்டுதான் ஆடிட்டரை அனுப்புகிறது, அதே பிராண்டுதான் விலையைக் குறைக்கிறது, ஷிப்மெண்ட் தேதியையும் நெருக்குகிறது. ஓவர்டைம் வேறு எங்கிருந்து வருகிறது?

என் நம்பிக்கையெல்லாம், ஆலையில் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கப் போடப்பட்ட திண்டுக்கல் ஒப்பந்தம் போன்றவற்றின் மீதுதான். 2021இல் ஓர் இளம் பெண் தொழிலாளி கொலையுண்ட பிறகு, பெண்கள் தலைமையிலான ஒரு தொழிற்சங்கம் விடாமல் போராடி 2022இல் கம்பெனியையும் பிராண்டுகளையும் கையெழுத்திட வைத்தது. அந்த ஒப்பந்தப்படி கண்காணிப்பவர்கள் தையல் லைனில் உட்கார்ந்திருக்கும் பெண்களே. கம்பெனி வாக்குத் தவறினால் ஆர்டரில் அடி விழும்.

நம் ஊருக்கு இது புதிதல்ல. புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போகும்போது முதலியார்பேட்டையில் மூடிக்கிடக்கும் ஏ.எஃப்.டி. ஆலையைப் பார்த்திருப்பீர்கள். புதுச்சேரி பஞ்சாலைத் தொழிலாளர்கள் உரிமை கேட்டு நின்றபோது, 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுப் போலீஸ் சுட்டு 12 பேர் இறந்தார்கள். அதன் பிறகே இங்கே 8 மணி நேர வேலை சட்டமானது. அந்த 8 மணி நேரத்தைத்தான் இன்று உங்கள் அம்மாவிடமிருந்து பறிக்கிறார்கள். எனக்கு ஆறவில்லை.

ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டைக் கூலி உண்டு. அம்மா வீடு திரும்பியதும், அன்று எத்தனை மணி வரை தைத்தார் என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பக்கத்து மெஷின் அக்காவையும் எழுதச் சொல்லுங்கள். நாலைந்து நோட்டுகள் சேர்ந்ததும் ஒரு தொழிற்சங்கத்தைத் தேடிப் போங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நானும் வருகிறேன்.